ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று சொல்லி 38,500 ரூபாய் பறித்துவிட்டார்கள்: பழைய லாரி வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

நேற்று மாலை உசிலம்பட்டியில் ஒரு பட்டறையில் என் வண்டியின் இன்ஜினுக்குள் தலையை விட்டுப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. 38,500 ரூபாய். மனைவியின் சங்கிலியை அடகு வைத்துக் கட்டிய பணம். என்ன நடந்தது, எதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முழுவதும் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

என்னிடம் இருப்பது ஒரே வண்டி. 2007 மாடல் டாடா 407. நானே ஓட்டுநர், நானே முதலாளி. சின்னமனூர்ப் பக்கம் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி வழியாக மதுரைக்கு வருவேன். போன மாதம் ஆண்டிபட்டிக் கணவாயில் ஏறும்போது வெப்பமுள் சிவப்பைத் தொட்டது. ஓரம் கட்டி, ஆறவிட்டு, ரேடியேட்டரைத் திறந்தால் தண்ணீர் பாதிக்குக் கீழே. ஊற்றிக்கொண்டு வந்து சேர்ந்தேன். அடுத்த இரண்டு நடையிலும் அதே கதை. இரவில் வண்டி நின்ற இடத்தில் காலையில் ஈரமே இருக்காது. தண்ணீர் எங்கே போகிறது என்று தெரியாத பயத்தில்தான் அந்தப் பட்டறைக்குப் போனேன்.

பெயர் சொல்ல மாட்டேன். மதுரையில் லாரி, மினி லாரி பழுது பார்க்கும் ஒரு பட்டறை. இரண்டு ஓட்டுநர்கள் நல்ல இடம் என்று சொன்னார்கள். பட்டறைக்காரர் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீர் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டார். குமிழ் வந்தது. "பாருங்கள் அண்ணே, கம்ப்ரஷன் தண்ணீருக்குள் வருகிறது. ஹெட் கேஸ்கட் போய்விட்டது. இப்படியே ஓட்டினால் ஹெட் வெடித்துவிடும்" என்றார். ஹெட் என்பது இன்ஜினின் மேல்மூடி. அதற்கும் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் நடுவே வைக்கும் தகடுதான் கேஸ்கட். அது போனால் சிலிண்டரின் அழுத்தக் காற்று தண்ணீருக்குள் வரும், அதைத்தான் கம்ப்ரஷன் என்றார். நான் கண்ணால் பார்த்த குமிழை எப்படி மறுப்பேன்? தண்ணீர் குறைகிறது, வெளியே ஒழுகவில்லை, உள்ளே குமிழ் வருகிறது. எல்லாம் பொருந்திப் போயிற்று.

கேஸ்கட், ஹெட்டை லேத்தில் கொடுத்து மட்டம் பிடிப்பது, கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 38,500 என்றார். பக்கத்திலேயே நின்று பார்க்கிறேன் என்றேன். "நான்கு நாள் வேலை, வெயிலில் எதற்கு நிற்கிறீர்கள்? வீட்டுக்குப் போங்கள். ஹெட்டை இறக்கியதும் படம் அனுப்புகிறேன். உங்கள் வண்டி என் வண்டி மாதிரி" என்றார். சாவியை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த ஒரு செயலில் நான் விழுந்துவிட்டேன். என் அப்பா காலையில் வண்டி எடுக்கும்போது சாவியை அப்படித்தான் கண்ணில் ஒற்றுவார். இந்த மனிதர் ஏமாற்ற மாட்டார் என்று மனம் சொல்லிவிட்டது.

மறுநாள் செல்பேசிக்குப் படம் வந்தது. மேசையில் கழற்றி வைத்த ஹெட். நான்காம் நாள் வண்டி கிடைத்தது. 20,000 செல்பேசி வழியாக அனுப்பினேன், வேறு யாரோ ஒருவர் பெயருக்குப் போனது. மீதி 18,500 ரொக்கம். பில் கேட்டேன். கணக்குப்பிள்ளை இல்லை, அப்புறம் தருகிறேன் என்று ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். கழற்றிய பழைய கேஸ்கட்டைக் கேட்டதும் தயங்காமல் சாக்குப் பையில் போட்டுக் கொடுத்தார். அது என் நல்ல நேரம்.

அடுத்த நடையிலேயே அதே கணவாய், கிட்டத்தட்ட அதே வளைவு, முள் மறுபடியும் சிவப்பில். வாழைத்தாரோடு இரண்டு மணி நேரம் ஓரத்தில் நின்றேன். பட்டறைக்கு அழைத்தேன். "புது கேஸ்கட் அண்ணே, கொஞ்சம் சூடு காட்டும். 500 கிலோமீட்டர் ஓடினால் சரியாகிவிடும்." ஓட்டினேன். சரியாகவில்லை. இரண்டாம் முறை அழைத்தேன். "லோடு கூடுதலாக ஏற்றுகிறீர்கள்." 19 வருடமாக அதே வண்டி, அதே லோடு. மூன்றாம் முறை ஒரு பையன் எடுத்து, முதலாளி திருப்பரங்குன்றம் கோயிலுக்குப் போயிருக்கிறார் என்றான். நேரில் போனேன். பட்டறைக்காரர் மூடியைக்கூடத் திறக்கவில்லை. எட்ட நின்றே பார்த்துவிட்டு, "ரேடியேட்டர் அடைத்துக்கொண்டது. மாற்ற இன்னும் 14,000 ஆகும்" என்றார். முதல் நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். உள்ளே போய்விட்டார். அதன் பிறகு என் எண்ணிலிருந்து எடுப்பதே இல்லை. மனைவியின் செல்பேசியில் அழைத்தால் முதல் மணியிலேயே எடுக்கிறார், என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறார்.

நேற்று வண்டி உசிலம்பட்டிக்கு முன்னால் மறுபடியும் சூடேறி நின்றது. பக்கத்துப் பட்டறையில் ஒரு வயதான மெக்கானிக். நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, "தம்பி, முதலில் இன்ஜின் ஆறட்டும்" என்று ஒரு மணி நேரம் உட்காரவைத்தார். பிறகு ரேடியேட்டரை நிரப்பி, அதன் வாயில் கைப்பம்பு ஒன்றை மாட்டிக் காற்றழுத்தம் ஏற்றினார். இன்ஜின் ஓடவில்லை. அழுத்தமானியின் முள் மெல்ல இறங்கியது. டார்ச் அடித்துப் பார்த்தார். வாட்டர் பம்புக்கு அடியில் ஒரு சிறு துளை. உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணீர் அதன் வழியாக வெளியேறுவதற்காகவே வைத்த துளை அது. அதிலிருந்து கீழே வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்த கோடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சொட்டு திரண்டு விழுந்தது. ஓடும்போது சொட்டும் தண்ணீர் இன்ஜின் சூட்டிலேயே ஆவியாகிவிடுகிறது, அதனால்தான் தரையில் ஈரம் இல்லை என்றார்.

அப்படியானால் அந்தக் குமிழ்? புதிதாகத் தண்ணீர் ஊற்றினால் உள்ளே அடைபட்ட காற்று வெளியேறும், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும் என்றார். கேஸ்கட் போயிருந்தால் நிற்காது, ஆக்சிலேட்டரை அழுத்தினால் இன்னும் கூடும். என் கண்முன்னே ஓடவிட்டுக் காட்டினார். இரண்டு மூன்று நிமிடத்தில் குமிழ் அடங்கிவிட்டது. ஆயில் அளவு பார்க்கும் கேஜ் கம்பியைத் துடைத்துக் காட்டினார், ஆயிலில் தண்ணீர் கலந்தால் வரும் பால் நிறம் இல்லை. சைலன்சரில் வெள்ளைப் புகையும் இல்லை.

பிறகுதான் அந்தப் பெரியவர் ஹெட்டின் பக்கம் டார்ச்சைத் திருப்பினார். ஹெட்டும் பிளாக்கும் சேரும் இடத்தில் வருடக்கணக்கில் ஆயிலும் புழுதியும் இறுகிய கரி. அதன் மேல் முன்பக்கம் மட்டும் சிவப்பு சிலிகான் பசையை விரலால் இழுத்துத் தடவியிருக்கிறார்கள். ஹெட்டோடு புகைக்குழாயைச் சேர்க்கும் மேனிபோல்டு நட்டுகளைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் துரு அப்படியே இருந்தது. "ஸ்பானர் பட்டிருந்தால் இந்தத் துரு உதிர்ந்திருக்கும் தம்பி. ஹெட்டை இறக்கவே இல்லை" என்றார்.

நம்ப முடியாமல் சாக்குப் பையிலிருந்த பழைய கேஸ்கட்டை எடுத்துக் கொடுத்தேன். அதன் பெரிய வட்டத்தில் ஸ்கேலை வைத்தார். 90 மில்லிமீட்டர்கூட வரவில்லை. என் வண்டியில் இருப்பது 497 இன்ஜின். நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றும் 97 மில்லிமீட்டர் விட்டம், அதைத்தான் அந்த எண் சொல்கிறது. 90கூட இல்லாத கேஸ்கட்டை அதில் வைக்கவே முடியாது. வேறு எந்த வண்டியிலிருந்தோ கழற்றிய குப்பையை என் கையில் கொடுத்திருக்கிறார்கள். அனுப்பிய படத்தில் இருந்த ஹெட்டும் யாருடையதோ. நான்கு நாள் என் வண்டியை நிறுத்தி வைத்ததற்கு 38,500 ரூபாய்!

பம்ப், பெல்ட், கூலி சேர்த்துப் பெரியவர் வாங்கியது 4,300. நேற்று இரவு ஆளோடு கணவாய் வரை ஏறி இறங்கினேன். முள் நடுவிலேயே நின்றது.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், கை நடுங்குகிறது. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். குமிழை மட்டும் பார்த்து ஹெட்டை இறக்க விடாதீர்கள். முதலில் ஆறிய இன்ஜினில் அழுத்தச் சோதனை, ரேடியேட்டர் மூடி, ஹோஸ், வாட்டர் பம்ப். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. ரேடியேட்டர் வாயில் வைக்கும் நீலத் திரவச் சோதனை ஒன்று இருக்கிறது, தண்ணீருக்குள் இன்ஜின் புகை கலந்திருந்தால் நிறம் மாறும், அதைக் கேளுங்கள். ஹெட்டை இறக்கும் நாளில் போய் நில்லுங்கள். வண்டி எண்ணோடு பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

சொந்த வண்டியை ஓட்டிப் பிழைப்பவர்களும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போடலாம் என்று வழக்கறிஞர் ஒருவர் சொன்னார். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். உதவி எண் 1915. துண்டுச் சீட்டு, பணம் அனுப்பிய விவரம், அவர் அனுப்பிய படம், அந்தக் கேஸ்கட், நான்கையும் எடுத்து வைத்துவிட்டேன். உசிலம்பட்டிப் பெரியவர் எழுதிக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். திங்கட்கிழமை போகிறேன். அந்த 38,500 ரூபாயை விடப்போவதில்லை.