கல்லடிக் கடையில் லிப்ரே ஒஃபிஸ்: மூன்று வருடத்துக்குப் பிறகு

மட்டக்களப்புக் கல்லடியில் எங்களுக்கு ஒரு ரைப்செட்டிங் கடை. 2022 வரை மூன்று கொம்பியூட்டரிலும் ஓடியது விண்டோஸ், வேர்டின் களவுக் கொப்பிதான், ஒளிக்க என்ன இருக்கு? அந்த வருடம் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியது. லைசென்ஸ் வாங்கும் எண்ணம் அத்தோடு போயிற்று. யாரோ கொண்டுவந்த பென் டிரைவின் வைரஸ் ஒரு மாதக் கணக்கைத் தின்ற பிறகு விண்டோஸுக்குப் பதில் உபுண்டுவும் வேர்டுக்குப் பதில் லிப்ரே ஒஃபிஸும் போட்டேன். இரண்டும் இலவசம்.

நான் பயந்தது தமிழுக்கு. வீண் பயம். 'கொ' அடித்தால் கொம்பும் காலும் அதனதன் இடத்தில் நிற்கின்றன. எழுத்தை அப்படி அடுக்குவது ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருள். கூகுளின் அண்ட்ரொய்ட் போனிலும் குரோமிலும் இருப்பது அதுவேதான். கூகுளுக்குத் தமிழ்ப் பாசம் என்றில்லை, போன் போகும் ஊரில் எழுத்து உடையக் கூடாது. நெல்லுக்குப் பாய்ச்சிய தண்ணீர் எங்கள் கடைப் புல்லுக்கும் வந்தது.

வேர்ட் கோப்புகளில் முதலில் அட்டவணை நெளியும். இப்போது வெகு குறைவு. இதைத் திருத்துகிறவர்களில் பலர் கொலாபரா போன்ற நிறுவனங்களில் சம்பளத்துக்கு இருப்பவர்கள். ஜேர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024இல் 30,000 கொம்பியூட்டர்களை லிப்ரே ஒஃபிஸுக்கு மாற்ற முடிவெடுத்தது. அங்கே கோடு நெளிந்தால் காசு கொடுத்துத் திருத்துவிக்க ஆள் உண்டு.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவுக்கு யார் காசு கொடுப்பார்? போன மாதம் ஆரையம்பதியிலிருந்து ஓர் அம்மா 31ஆம் நாள் நினைவஞ்சலியைப் பழைய பாமினிக் கோப்பாகக் கொண்டுவந்தார். திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. எழுத்துருவைப் போட்டதும் தமிழ் வந்தது; இப்போது எல்லாரும் பாவிக்கும் யுனிகோடு முறைக்கு மாற்றியபோது பேத்தியின் பெயரிலிருந்த 'ஸ்ரீ'யைக் காணவில்லை. நல்லவேளை, அச்சுக்கு முன் அந்த அம்மாவே கண்டுபிடித்தார். தமிழ்ப் பிழைதிருத்தியும் இந்தக் கதைதான், நீளமான சொல் எதுவானாலும் சிவப்புக் கோடு. யாராவது ராத்திரி முழித்திருந்து சும்மா செய்தால்தான் உண்டு.

பெரிய கம்பனி பின்னால் நின்றாலும் நிம்மதி இல்லை. ஓப்பன் ஒஃபிஸை வைத்திருந்த சன் நிறுவனத்தை 2010இல் ஒரக்கிள் வாங்கியது. அதே வருடம் ஓப்பன் ஒஃபிஸில் வேலைசெய்த பலர் பிரிந்து தொடங்கியதுதான் லிப்ரே ஒஃபிஸ். மூலநிரல் திறந்து கிடந்ததால் கையோடு எடுத்துக்கொண்டு போக முடிந்தது.

இப்போது மற்றக் கடைகளுக்கும் போட்டுக் கொடுக்கிறேன், ஒரு மெஷினுக்கு 1,500 ரூபாய். நேற்று ஒரு மாமா கேட்டார்: "ஓசிச் சாமானுக்கு ஏன் மனே காசு?"

"சாமானுக்கில்ல மாமா, உங்கட பிரின்டரோட மூணு மணித்தியாலம் மல்லுக்கட்டினதுக்கு" என்றேன். 1,000 தந்தார்.