கல்லூரி நடத்தும் ஹாக்கி கோடை முகாம்: 6,500 ரூபாய் கட்டலாமா?

வீட்டில் ப்ளஸ் ஒன் படிக்கும் பையன் ஒருவன் இருந்து, அவன் ஓரளவு நன்றாக ஹாக்கியும் ஆடினால், ஏப்ரல் மாதம் வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பு வந்து நிற்கும். "கோடைகாலச் சிறப்பு முகாம். திறமையான வீரர்களுக்கு எங்கள் கல்லூரியில் முழு இலவச இடம்." என் அக்கா மகனுக்கும் வந்தது. திருமங்கலம் தாண்டி விருதுநகர் ரோட்டில் இருக்கும் ஒரு தனியார் கல்லூரி. ஒரு வாரம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய். மச்சான் குவைத்தில் இருப்பதால் பையனின் மைதான விவகாரம் எல்லாம் என் பொறுப்பு. இந்த மே மாதம் அவனை அனுப்பினோம். நானும் இடையிடையே போய் உட்கார்ந்து பார்த்தேன். அடுத்த வருடம் இதே யோசனையில் இருக்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் அந்த அழைப்பு. "உங்கள் ஆட்டத்தைக் கவனித்தோம், நீங்கள் சிறந்த ஃபார்வர்டு" என்று இருந்தது. எங்கள் பையன் ஆடுவது லெஃப்ட் ஹாஃப், அதாவது இடது பக்கத் தடுப்பாட்டக்காரன். விசாரித்தால் அவன் பள்ளி அணியில் எல்லாருக்கும், கோல்கீப்பர் உட்பட, எழுத்து மாறாமல் அதே செய்திதான் போயிருக்கிறது. மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுத்த பட்டியலிலிருந்து எண்களை எடுத்து மொத்தமாக அனுப்பியிருக்க வேண்டும். அனுப்புவது தப்பில்லை. ஆனால் பையனைப் பார்த்து வைத்துவிட்டார்கள் என்று நம்பி நகையை அடகு வைக்கிற குடும்பங்களும் இருக்கின்றன. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அமெரிக்காவில் டல்லாஸில் இருக்கும் என் சித்தப்பா மகனிடம் இதைச் சொன்னபோது, "அண்ணே, இங்கயும் இதே கதைதான்" என்றான். அவன் பையன் ஹைஸ்கூலில் பேஸ்பால் பிட்சர், பந்து எறிகிறவன். பத்தாவது படிக்கும்போதே கல்லூரி முகாம்களிலிருந்து மின்னஞ்சல் குவிந்ததாம். அங்கே கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ ஒரு விதி வைத்திருக்கிறது. கல்லூரி முகாம் என்றால் வயது, வகுப்பு, இருக்கும் இடங்கள் இவற்றைப் பார்த்து வரம்பு போடலாமே தவிர, மற்றபடி யார் பணம் கட்டினாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தங்கள் அணிக்கு வேண்டிய பையன் என்பதற்காக அவனுக்கு மட்டும் கட்டணத்தைக் குறைக்கவும் கூடாது. கல்லூரிகளை மூன்று பிரிவாக வைத்திருக்கிறார்கள். அதில் முதல் பிரிவுக் கல்லூரிகளின் பேஸ்பால் பயிற்சியாளர்கள், பையன் பதினோராம் வகுப்புக்குள் நுழையும் வருடம் ஆகஸ்ட் 1 வரைக்கும் சேர்க்கை பற்றி அவனிடம் பேசவே கூடாது. இப்போது பெரிய கல்லூரிகள் பலவற்றில் அணிக்கு 34 பேர்தான் என்று வரம்பும் வந்துவிட்டது. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. இத்தனையும் தெரியாமல் ஊர் ஊராக முகாமுக்குப் பணம் கட்டுகிறவர்கள் அங்கேயும் ஏராளமாம்.

டல்லாஸ் தம்பி ஒரு வழி வைத்திருந்தான். முகாமுக்குப் பணம் கட்டுமுன் பையனே பயிற்சியாளருக்கு எழுத வேண்டும். தான் எறியும் வீடியோவை இணைத்து, "நான் சேரும் வருடம் உங்களுக்கு பிட்சர் தேவைப்படுமா?" என்று கேட்க வேண்டும். பையன் பெயரைச் சொல்லி, அவன் வீடியோவைப் பற்றி ஒரு வரியாவது எழுதிப் பதில் போடுகிற பயிற்சியாளரின் முகாமுக்கு மட்டும்தான் போவார்கள்.

அதையே நாங்களும் செய்தோம். பள்ளி ஆட்டத்தை என் போனில் எடுத்திருந்தேன். அதை அந்தக் கல்லூரியின் ஹாக்கி கோச்சுக்கு மருமகனே அனுப்பினான். மறுநாள் பதில் வந்தது: "லெஃப்ட் ஹாஃபா? டேக்கிள் பண்ணும்போது நிமிர்ந்து நிற்கிற தம்பி. வா, பார்ப்போம்." டேக்கிள் என்றால் எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பது. அந்த ஒரு வரிக்காகத்தான் பணம் கட்டினேன். அது வராமல் இருந்திருந்தால் கட்டியிருக்க மாட்டேன்.

முகாமில் எனக்குப் பிடித்தது காலைப் பயிற்சி. கத்திரி வெயிலுக்கு முன்னால், விடிந்தும் விடியாமலும் மைதானத்தில் இறக்கிவிடுவார்கள். பல்கலைக்கழக அணிக்கு ஆடிய ஓர் இளைஞர் உதவிப் பயிற்சியாளராக இருந்தார். எங்கள் பையனின் தடுப்பாட்டத்தை அவர் பிரித்து மேய்ந்ததை நான் அருகில் இருந்து பார்த்தேன். இரண்டு காலையும் சமமாக வைத்து நின்றான். எதிரே வந்தவன் சுலபமாகத் தாண்டிப் போனான். "இடது காலை முன்னால வை. இடுப்பை இறக்கு. அவனை உன் வலது பக்கம், ஸ்டிக் இருக்கிற பக்கம் வரவை. இடது கையால மட்டும் ஸ்டிக்கை வெடுக்குனு நீட்டிட்டு உடனே இழு. பந்து கிடைக்காட்டிப் பரவாயில்லை, அவன் தலையைக் குனிய வச்சிட்டாலே போதும்." இதையே திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார். கடைசி நாள் ஆட்டத்தில் மருமகன் இரண்டு முறை அப்படிப் பந்தைப் பறித்ததைப் பார்த்து என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். பள்ளியில் இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. பி.இ.டி. சார் நல்ல மனிதர், ஆனால் கபடிக்காரர்.

சாப்பாட்டில் குறையில்லை. காலையில் இட்லி, முட்டை, மதியம் நிறையச் சோறு, இரவு சப்பாத்தி.

குறைகளையும் சொல்ல வேண்டும். கூட்டம் அதிகம். ஒரு கோல் போஸ்ட்டுக்கு முன்னால் இருபது பேர் வரிசையில் நின்றால் ஒருவனுக்கு எத்தனை ஷாட் கிடைக்கும்? மாலைப் பயிற்சி பெரும்பாலும் காத்து நிற்பதிலேயே போனது. மைதானம் செம்மண். 2025-ல் ஜூனியர் உலகக் கோப்பை ஆட்டங்கள் நம்ம மதுரை ரேஸ்கோர்ஸ் டர்ஃபில், அதாவது செயற்கைப் புல் மைதானத்தில், நடந்தபோது பந்து எப்படி வழுக்கிக்கொண்டு ஓடியது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மண்ணில் பந்து துள்ளும், ஆடும் முறையே வேறு. கல்லூரி அணி பெரிய போட்டிகளில் ஆடுவது டர்ஃபில் என்னும்போது, ஒரு நாளாவது பையன்களைக் கோவில்பட்டி டர்ஃபுக்கு அழைத்துப் போயிருக்கலாம். பதில் போட்ட அந்தத் தலைமை கோச், கடைசியில் ஆட்டங்கள் நடந்தபோதுதான் மைதானத்துக்கே வந்தார். விளம்பரத்தில் இருந்தது அவர் படம். பணம் வாங்கியது அவர் பெயரைச் சொல்லி. இது சரியில்லை.

ஆனால் நேரில் கேட்டபோது அவர் மழுப்பவில்லை. "சார், எங்க பையன் உங்க டீமுக்கு ஆவானா?" என்றேன். "ஆட்டம் இருக்கு. ஆனா லெஃப்ட் ஹாஃப்ல இப்ப ஆடுறவன் ரெண்டாம் வருஷம். உங்க பையன் வரும்போது அவன் கடைசி வருஷம். முதல் வருஷம் உட்கார வேண்டியிருக்கும். பரவாயில்லைன்னா ப்ளஸ் டூ முடிச்சதும் செலக்‌ஷனுக்கு வாங்க. அதுக்குக் காசு எல்லாம் கிடையாது" என்றார். முகாமில் எனக்குக் கிடைத்த பெரிய விஷயம் இந்தப் பதில்தான். இலவச இடம் தீர்மானமாவது அந்த செலக்‌ஷனில். முகாமுக்கு வராத பையனும் அதில் ஆடலாம்.

கடைசி நாள் கொடுத்த சான்றிதழைப் பற்றியும் பெற்றோர் பலர் பெரிதாக நினைக்கிறார்கள். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடம் இருக்கிறது. அதற்குப் பார்ப்பது மாநில, தேசிய, சர்வதேசப் போட்டிகளில் ஆடிய சான்றிதழ்களை. முகாமில் கலந்துகொண்டதற்கு அங்கே மதிப்பெண் இல்லை. பக்கத்தில் நின்ற ஓர் அம்மா அதை லேமினேட் செய்யக் கடை விசாரித்துக்கொண்டிருந்தார். அவரிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். பள்ளி விளையாட்டுச் சான்றிதழ்களை ஒரு கோப்பில் போட்டு வைக்கச் சொன்னேன்.

ஆக, யார் போகலாம்? ப்ளஸ் ஒன் பையன், அந்தக் கல்லூரியில் சேர உண்மையிலேயே விருப்பம், கோச் பெயர் சொல்லிப் பதில் போட்டிருக்கிறார், கடன் வாங்காமல் பணம் கட்ட முடிகிறது என்றால் தாராளமாகப் போகலாம். ப்ளஸ் டூ முடித்தவனுக்கு வேண்டாம். நேராக செலக்‌ஷனுக்கே போகட்டும். ஒன்பது, பத்து படிக்கிற பிள்ளைகளுக்கு ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் கோடைப் பயிற்சியே போதும், செலவும் சொற்பம். இன்னும் தீவிரமாக இருக்கிற பிள்ளை என்றால் ஆணையத்தின் விளையாட்டு விடுதிக்கு முயற்சி செய்யுங்கள். 7, 8, 9, 11 வகுப்புகளில் சேர்க்கிறார்கள், தங்குவதும் சாப்பாடும் பயிற்சியும் இலவசம். என் தங்கச்சி மகள் எட்டாவது போகிறாள், அவளுக்கு அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த முகாமுக்கு ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். அனுப்புகிறவர்கள் ஷின் பேடும் பல் காப்பும் வீட்டிலிருந்தே கொடுத்துவிடுங்கள். அங்கே பொதுவாக வைத்திருப்பது வியர்வை நாற்றத்தில் கையில் தொட முடியாது. இரண்டு லிட்டர் தண்ணீர் ஜக் ஒன்றும் வேண்டும், மைதானத்திலிருந்து குழாய் ரொம்ப தூரம்.