குட்டியா, பழக்கிய நாயா?
மரக்கறித் தோட்டக் காவலுக்கு லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) நாய்க்குட்டியை நாமே வளர்ப்பதா, பழக்கிய அல்சேஷன் நாயை வாங்குவதா என்றால் நான் குட்டி பக்கம்தான். பிறந்து 3 முதல் 12 வாரம் வரைதான் அது மனிதரோடு நன்றாக ஒட்டும் காலம். அப்போதே நம் கையால் சோறு தின்று, நுவரெலியா மூடுபனியில் நம் பின்னாலேயே நடந்து பழகிவிட்டால், காட்டுப்பன்றிக்குக் குரைப்பது எது, தெரிந்த ஆளுக்குக் குரைப்பது எது என்று தூக்கத்திலேயே நமக்குப் பிடிபடும்.

பழக்கிய நாய்? வேலை தெரியும், சரி. விலை கூட, அப்புறம் பழைய ஆளின் குரலையே தேடும். சில வாரம் நாமே சோறு வைத்து, நாமே நடத்திக் கூட்டிப்போனால்தான் நம்மை ஏற்கும். அவசரத்துக்கு மட்டும் அதை வாங்கலாம்.

சிறுத்தை நடமாட்டம் இருந்தால் எந்த நாயையும் இரவில் வெளியே கட்டாதீர்கள்.