பழைய கிராமப் படம்: வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

பெரியப்பா மகன் கேட்டான்: "அண்ணா, உங்ககிட்ட இருக்கிற அந்தப் பழைய ஊர் நில அளவைப் படம் எனக்கும் ஒண்ணு வாங்கலாமா? கொள்ளுத்தாத்தா நிலம் எதுன்னு அதுல தெரியுமா?"

தெரியாது. படத்தில் சர்வே நம்பர் இருக்கும், ஆள் பெயர் இருக்காது. வெள்ளைக்காரன் காலத்து செட்டில்மென்ட் பதிவேட்டின் நகலும் பக்கத்தில் இருந்தால்தான் நம்பர், நஞ்சையா புஞ்சையா, தீர்வை எவ்வளவு, பட்டா யார் பெயரில் என்று கோர்க்க முடியும். அப்படிக் கோர்த்தபோதுதான் ஊற்றுக்கால், அதாவது ஆற்று மணலில் ஊறும் தண்ணீரைக் கொண்டுபோகும் கால்வாய், கிடைத்தது. வேலூருக்கு மேற்கே பாலாற்றங்கரை ஊர் எங்களுடையது. "கால்வாய் ஓரத்து நஞ்சை" என்று பாட்டி சொல்லும்போதெல்லாம் எந்தக் கால்வாய் என்று சிரிப்போம்; இப்போது அங்கே வீட்டுமனைகள். படத்தில் ஆற்று மணலிலிருந்து கிளம்பி எங்கள் நம்பரைத் தொட்டு ஏரி வரை அது போகிறது. இதற்காக மட்டும் எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

அப்புறம் படத்தின் நகல். எத்தனை வருடம் ஆனாலும் ஆறாத எரிச்சல் அது. மூலப் படம் ஒரு மைலுக்கு 16 அங்குலம், அதாவது அங்குலத்துக்கு 5 அளவுச் சங்கிலி, 330 அடி. பெரிய தாளை ஏ3-இல் அடக்க ஜெராக்ஸில் சுருக்கிவிட்டார்கள். ஓரத்தில் "16 அங்குலம் = 1 மைல்" என்ற வரி மட்டும் கூச்சமில்லாமல் அப்படியே நிற்கிறது. நீளம் 10 சதவீதம் சுருங்கினால் பரப்பு 19 சதவீதம் போய்விடும். 2 ஏக்கர் 1.62 ஆகிவிடும். சித்தப்பா ஸ்கேல் வைத்து அளந்தார், பங்காளிகள் நிலத்தைத் தின்றுவிட்டார்கள் என்று கிளம்பினார். தீபாவளிக்குக்கூடப் பேச்சு வார்த்தை இல்லை. கடைசியில் புலப்படம் (எஃப்.எம்.பி., ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் தனியாக வரைந்த படம்) எடுத்துத்தான் அடங்கியது. அதில் ஒவ்வொரு கோட்டிலும் நீளம் எண்ணாகவே எழுதியிருக்கும். பழையதில் லிங்க் கணக்கு, 100 லிங்க் 66 அடி. தாளைச் சுருக்கினாலும் எண் சுருங்காது.

நியாயமாகச் சொன்னால் படம் வரைந்தவர்கள் மேல் குறையே இல்லை. சங்கிலியை இழுத்துக்கொண்டு வெயிலில் நடந்து வரைந்தது இன்றும் வரப்போடு பொருந்துகிறது. கெடுத்தது நகலெடுத்த கை.

இன்னும் இரண்டு. 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆரில், அதாவது நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டத்தில், ஹெக்டேர் கணக்கு வந்தது, உட்பிரிவுகளும் பல இடங்களில் மாறின. இன்றைய பட்டாவில் உள்ள சர்வே நம்பரை வைத்துப் பழைய படத்தில் தேடாதே, நடுவில் பழைய நம்பரையும் புது நம்பரையும் பொருத்திக் காட்டும் ஒப்பீட்டுப் பட்டியல் வேண்டும். 1911-க்கு முந்தைய காகிதமானால் வட ஆற்காடு ஜில்லாவுக்குத் தலைமையிடம் சித்தூர், வேலூர் இல்லை.

சரி, வாங்கலாமா? வேண்டாம். சித்தப்பா கையில் இன்னொரு நகல் போனால் குடும்பம் தாங்காது. அம்மா பிறந்த ஆரணிப் பக்கத்து ஊருக்கு மட்டும் நான் மனு எழுதி வைத்திருக்கிறேன், அது வேறு விஷயம். இந்த முறை படத்தின் மேல் ஒரு ஸ்கேலை வைத்தே நகலெடுக்கச் சொல்லப் போகிறேன். அவர்கள் எவ்வளவு சுருக்கினாலும் ஸ்கேலும் சேர்ந்து சுருங்கட்டும்.