பழைய எஞ்சின் வாங்குவதா, இருப்பதைப் பிரித்து நாமே கட்டுவதா?

போன வருஷம் ஆடியில், எண்ணூர் கன்டெய்னர் வரிசையில் நிற்கும்போதே தெரிந்துவிட்டது, எங்கள் பழைய ஆறு சிலிண்டர் லேலண்ட் லாரிக்கு எஞ்சின் வேலை வந்துவிட்டதென்று. ஆயில் ஸ்டிக்கை உருவினால் அந்தக் குழாய் வழியாகவே குபுகுபுவெனப் புகை. பேக் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டனைத் தாண்டி அழுத்தம் கீழே கசிகிறது. ஓடுகிற பழைய எஞ்சின் ஒன்றை, பழைய வண்டி உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பார்த்துத் தூக்கி வைக்கலாம். இல்லையென்றால் இருப்பதையே பிரித்து, மெக்கானிக் கூடவே நின்று நானே கட்டக் கற்றுக்கொள்ளலாம். நான் இரண்டாவதைத்தான் செய்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

நாள் கணக்கில் பழைய எஞ்சின்தான் ஜெயிக்கும். மூன்று நான்கு நாளில் வண்டி லோடுக்குப் போய்விடும். எனக்கு 26 நாள் ஆனது. வண்டிக் கடனுக்கு மாதாமாதம் டியூ கட்டுகிறவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் எஞ்சின் நம்பர் ஆர்சியில் இருக்கிறது, வேறு எஞ்சின் போட்டால் ஆர்டிஓ ஆபீசில் மாற்றிப் பதிய வேண்டும்.

என்னை முடிவெடுக்க வைத்தது கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் பெரிய தண்டு. அதில் கோடு விழுந்தால் லேத்தில் 0.25 மில்லிமீட்டர் கிரைண்ட் செய்து, அதற்கேற்ற தடிமனில் பேரிங் (கிராங்கைத் தாங்கும் வளைந்த தகடு) போடுவார்கள். அடுத்த முறை 0.50, பிறகு 0.75, பிறகு 1.00. பெரும்பாலும் அதோடு கிராங்க் எடைக்குத்தான் போகும். வாங்கப்போகும் எஞ்சின் இதில் எந்தப் படியில் நிற்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஸ்டார்ட் செய்தால் சத்தம் நன்றாகத்தான் இருக்கும். கெட்டியான ஆயிலை ஊற்றிவிட்டால் தேய்ந்த பேரிங்கிலும் ஆயில் பிரஷர் முள் மேலே நிற்கும்.

மாதவரம் பட்டறையில் கிராங்கைப் பிளாக்கோடு பிடித்திருக்கும் மூடிகளில் முதலாவதை, முதல் மெயின் கேப்பைக் கழற்றியதும், மெக்கானிக் அண்ணன் பேரிங்கைத் துடைத்து என் கையில் கொடுத்தார். "முதுகைப் படி தம்பி" என்றார். கறுப்புக்கு அடியில் 0.25 என்று அடித்திருந்தது, அதாவது ஏற்கெனவே ஒரு முறை கிரைண்ட் செய்த கிராங்க். இப்போது 0.50-க்கு இறக்கியிருக்கிறோம், இன்னும் இரண்டு முறை பாக்கி. இது என் நோட்டில் இருக்கிறது. வண்டியை விற்கப் போனாலும் தைரியமாகச் சொல்வேன்.

கற்றுக்கொள்வதில் பொறுமைதான் வேண்டும். ஏழு மெயின் கேப்பும் அததன் நம்பரில், அததன் திசையில்தான் உட்கார வேண்டும். பிளாஸ்டிகேஜ் என்ற மெல்லிய மெழுகு நூலை வைத்து, குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்சில் இறுக்கி, திரும்பக் கழற்றி, அது எவ்வளவு அகலமாக நசுங்கியிருக்கிறது என்று பார்த்தால் இடைவெளி தெரியும். நடுவில் கிராங்கைச் சுற்றிவிட்டால் போச்சு, முதலிலிருந்து செய்ய வேண்டும். இரண்டு முறை செய்தேன்.

கிராங்க் கிரைண்டிங், சிலிண்டரைக் கடையும் போர் வேலை, ஹெட்டைச் சமப்படுத்தும் ஃபேஸிங் எல்லாம் லேத் பட்டறைக்குத்தான் போனது. டீசல் பம்ப்பும் நாசிலும் பம்ப் கடைக்கு. அவற்றை நாமே பிரிக்கவே கூடாது.

நான் கட்டியது ஒரே எஞ்சின், ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது, அவ்வளவுதான் என் அனுபவம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டியில் இதை முயலச் சொல்லமாட்டேன்.

பிளாக்கே வெடித்திருந்தால் சரி, பழைய எஞ்சின்தான். அப்போதும் பணம் கொடுக்கும் முன் சம்பை (அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) இறக்கி, ஒரு மெயின் கேப்பையும், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் கேப் ஒன்றையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டிலும் உள்ள பேரிங் வேறு வேறு சைஸில் இருக்கலாம். கழற்ற மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.