மகளின் டேப்லெட்டில் ஃபேமிலி லிங்க்: நீண்ட நாள் பயன்பாட்டில் எது நிலைத்தது

என் மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அவளுக்கென்று ஓர் ஆண்ட்ராய்டு டேப்லெட் வாங்கி, அதில் கூகுளின் ஃபேமிலி லிங்க் மூலம் பெற்றோர் கட்டுப்பாட்டை அமைத்தோம். இப்போது அவள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். 2017-இல் அறிமுகமான இந்தச் செயலியைப் பற்றிய பதிவுகள் பெரும்பாலும் அதை நிறுவும் முறையோடு முடிந்துவிடுகின்றன. நிறுவிய பிறகு எந்த வசதி வீட்டில் நிலைக்கிறது, எது சில வாரங்களிலேயே கைவிடப்படுகிறது என்பதைச் சொல்வதே என் நோக்கம். எத்தனை நிமிடம் பார்க்கலாம் என்ற கணக்கைவிட, எந்தச் செயலி உள்ளே வரலாம் என்ற அனுமதியும் இரவில் எப்போது சாதனம் அணைய வேண்டும் என்ற நேரமும்தான் எங்கள் வீட்டில் மாற்றத்தைக் கொண்டுவந்தன.

அமைக்கும் வேலை கடினமானதன்று. குழந்தையின் பெயரில் தனிக் கணக்குத் தொடங்கி, அதைப் பெற்றோரின் கணக்கோடு இணைத்தால் போதும். ஆனால் பிறந்த தேதியை உள்ளபடியே கொடுக்க வேண்டும். அவசரத்துக்குப் பெரியவர்களின் வயதைக் கொடுத்துக் கணக்குத் தொடங்குபவர்கள் பலர். அப்படிச் செய்தால் 13 வயதுக்குட்பட்டோருக்கான பாதுகாப்புகள் தாமாக அமைவதில்லை.

இதில் நான் மிக உயர்வாக மதிப்பது செயலி அனுமதி வசதியைத்தான். மகள் பிளே ஸ்டோரில் எதையாவது நிறுவ முயன்றால், உடனே என் கைப்பேசிக்கு வேண்டுகோள் வருகிறது. நான் அனுமதித்தால்தான் அது இறங்கும். ஒருமுறை பொம்மைக்கு உடை அணிவிக்கும் விளையாட்டு ஒன்றைக் கேட்டிருந்தாள். 3+ என்ற வயதுக் குறியீடு இருந்ததால் முதல் பார்வையில் மறுக்க எதுவும் தோன்றவில்லை. ஆனால் விவரப் பக்கத்தை முழுதாகப் படித்தபோது விளம்பரங்கள் உண்டு, செயலிக்குள்ளேயே பணம் கொடுத்து வாங்கும் பொருள்கள் உண்டு, பயனர்கள் ஒருவரோடு ஒருவர் தொடர்புகொள்ளலாம் என்ற மூன்று குறிப்புகளும் இருந்தன. வயதுக் குறியீடு என்பது செயலியை உருவாக்கியவர் ஒரு வினாப்பட்டியலுக்கு அளித்த விடைகளின் அடிப்படையில் வழங்கப்படுவது. முன்பின் தெரியாதவர்கள் அதில் வந்து பேசக்கூடும் என்பதை அந்த எண் சொல்லாது. அந்தப் பக்கத்தை மகளையும் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு படித்துக் காட்டினேன். இப்போது வேண்டுகோள் அனுப்புவதற்கு முன்பே, "அம்மா, இதில் யாரும் வந்து பேச முடியாது, நான் பார்த்துவிட்டேன்" என்று அவளே சொல்கிறாள். இந்தச் செயலியால் எங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய பயன் இதுதான் என்று நினைக்கிறேன்.

நாளொன்றுக்கு இத்தனை மணி நேரம் என்ற பொது வரம்பு எங்களுக்கு ஒத்துவரவில்லை. படம் வரைந்த ஒரு மணி நேரத்தையும் குறுங்காணொளிகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்த ஒரு மணி நேரத்தையும் அது ஒன்றாகவே எண்ணுகிறது. பாதி வரைந்த படத்தோடு திரை பூட்டிக்கொள்ளும்போது குழந்தைக்கு வரும் ஆற்றாமை நியாயமானது. அதை அடம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே பொது வரம்பை எடுத்துவிட்டு, யூடியூபுக்கு மட்டும் தனி வரம்பு வைத்தோம். அகராதி, வாசிப்பு, ஓவியம் ஆகியவற்றுக்குப் பகலில் தடையில்லை. மாறாக, இரவு எட்டரைக்கு எல்லாம் பூட்டிக்கொள்ளும் ஓய்வு நேரம் முதல் நாளிலிருந்து இன்றுவரை மாறவில்லை. "இன்னும் ஐந்து நிமிடம்" என்ற பேரம் அம்மாவிடம் நடக்கும், கடிகாரத்திடம் நடக்காது. இரவு உணவின்போது எங்கள் வீட்டில் சச்சரவு குறைந்ததற்கு இதுவே காரணம்.

யூடியூபைப் பொறுத்தவரை, சிறு குழந்தைகளுக்கு யூடியூப் கிட்ஸ் செயலியில் பெற்றோர் தேர்ந்தெடுத்த அலைவரிசைகள் மட்டும் தெரியும்படி அமைப்பதே நல்லது. அப்போது தேடும் வசதியும் இருக்காது. பொதுவான யூடியூபில் பெற்றோர் மேற்பார்வையோடு 9 வயதிலிருந்து தொடங்கும் ஒரு நிலையும் உண்டு. மகள் அந்த வயதை எட்டிய பிறகே அதற்கு மாறினோம்.

இணையத்தள வடிகட்டியின் எல்லையைப் பெற்றோர் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். ஃபேமிலி லிங்கில் நாம் தடுக்கும் தளங்கள் குரோம் உலாவியில்தான் தடுக்கப்படுகின்றன. வேறோர் உலாவியை அனுமதித்துவிட்டால் அங்கே இந்தத் தடை செல்லாது; ஆகவே வேறு உலாவி எதற்கும் நான் அனுமதி கொடுப்பதில்லை. இதற்குத் துணையாக வீட்டு வைஃபை ரவுட்டரின் டிஎன்எஸ் (தளத்தின் பெயரைக் கொண்டு அதன் எண் முகவரியைத் தேடித் தரும் சேவை) முகவரியை 1.1.1.3 என்று மாற்றினோம். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020-இல் குடும்பங்களுக்காகக் கட்டணமின்றித் தொடங்கிய சேவை இது. தீங்கு விளைவிக்கும் தளங்களையும் ஆபாசத் தளங்களையும் முகவரி அளவிலேயே நிறுத்திவிடுகிறது. ஆயினும் வீட்டு வைஃபையை விட்டு வெளியே போனால் இது உதவாது. தாத்தா வீட்டு விடுமுறைக்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

உண்மையில் பெரிய இடைவெளி டேப்லெட்டில் இல்லை, என் கைப்பேசியில்தான் இருந்தது. பள்ளியின் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. அதுவும் பல நாள்களில் யூடியூப் இணைப்பாக வருகிறது. அதைப் பார்க்க மகள் என் கைப்பேசியை எடுத்தால், அவளுக்கென்று அமைத்த எந்தக் கட்டுப்பாடும் அங்கே கிடையாது. போதாததற்கு யுபிஐ செயலிகளும் அதே கைப்பேசியில் இருக்கின்றன. எனவே வீட்டுப்பாட இணைப்புகளை அவளுடைய கணக்குக்கு மின்னஞ்சலில் அனுப்பி டேப்லெட்டிலேயே பார்க்கச் சொல்கிறேன். மாலையில் இது கூடுதல் வேலைதான், ஆனால் இதைச் செய்யாவிட்டால் மற்ற எல்லா ஏற்பாடும் வீண்.

இருப்பிடத்தைக் காட்டும் வசதியை நாங்கள் பயன்படுத்தவில்லை; வீட்டைவிட்டு அரிதாகவே வெளியே போகும் டேப்லெட்டுக்கு அது தேவையில்லை. பயன்பாட்டு அறிக்கையை மகளுக்குத் தெரியாமல் நான் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சேர்ந்தே பார்க்கிறோம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறைவடையாதவர்களைக் குழந்தைகளாகவே கொள்கிறது. அவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் நிறுவனங்களுக்குத் தடைசெய்கிறது. நிறுவனங்களிடம் நாம் எதிர்பார்க்கும் அந்த மரியாதையை வீட்டுக்குள்ளும் கொடுக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

குழந்தைக்குத் தனிச் சாதனம் வாங்கும் வசதியோ விருப்பமோ இல்லாத வீடுகளில், பெரியவரின் கைப்பேசியிலேயே சிலவற்றைச் செய்யலாம். பிளே ஸ்டோர் அமைப்புகளில் குடும்பம் என்ற பிரிவில் வயது வரம்பை நிர்ணயித்து அதற்குத் தனிப் பின் எண் வைக்கலாம். ஒவ்வொரு முறை பணம் செலுத்தும்போதும் உறுதிப்படுத்தக் கேட்கும்படி மாற்றலாம். கைப்பேசியைக் குழந்தையிடம் கொடுக்கும் முன், பாதுகாப்பு அமைப்புகளில் உள்ள செயலியைப் பொருத்தி வைக்கும் வசதியையும், வெளியேறும்போது பின் எண் கேட்கும் தெரிவையும் இயக்கிச் செயலியைப் பொருத்திவிட்டால், நாம் திறந்து கொடுத்த செயலியிலிருந்து பின் எண் இல்லாமல் வெளியேற முடியாது. திரையைத் திறக்கும் எண்தான் அந்தப் பின் எண்; அது குழந்தைக்குத் தெரியாததாக இருக்க வேண்டும். அதைப் பெரும்பாலான குழந்தைகள் பார்த்தே கற்றுக்கொண்டிருப்பார்கள் என்பதால், முதலில் அதை மாற்றிவிட்டு மற்றவற்றைத் தொடங்குங்கள்.