காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு: பழைய சாமான் கடைகளில் எதை வாங்கலாம், எதை விடலாம்

முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு வருகிறவர்களில் பலர் தூண், கதவு, ரவிவர்மா படம் என்றுதான் தேடுகிறார்கள். அந்தத் தெருவின் உண்மையான சரக்கு அடுப்படிச் சாமான். பணியாரக்கல், பித்தளைத் தவலை, வெண்கலப் பானை, எனாமல் பேசின், ஊறுகாய் ஜாடி இவற்றுக்குத்தான் கொடுக்கிற காசு தகும். வீட்டுக்குக் கொண்டுவந்த மறுவாரமே புழங்கவும் ஆரம்பித்துவிடலாம்.

காரணம் இருக்கிறது. செட்டிநாட்டில் மகளுக்குச் சீர் சாமான் கொடுப்பது ஒன்றிரண்டு என்ற கணக்கில் இல்லை, அடுக்கு அடுக்காகத்தான். பெரிய வீட்டின் சாமான் அறையில் பாதிக்கு மேல் அடுப்பே ஏறாமல் இருந்திருக்கும். ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள், ஆளுக்கொரு ஊரில். பாகம் பிரிக்கும்போதோ வீட்டை இடிக்கும்போதோ தூணும் நிலையும் மொத்தமாகப் பெரிய கைகளுக்குப் போய்விடும். பாத்திரங்கள் இந்தக் கடைகளுக்கு வந்து சேரும். வரத்து தாராளமாக இருக்கிற பொருளைப் போலியாகச் செய்து யாருக்கும் லாபமில்லை. போலி வேலையெல்லாம் அலங்காரச் சாமானில்தான் நடக்கிறது.

கடைகள் குறுகல். தரையிலிருந்து கூரைவரை அடுக்கியிருப்பார்கள், உள்ளே வெளிச்சம் போதாது. பிடித்த பொருளை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எந்தக் கடைக்காரரும் மறுப்பதில்லை. கையில் ஐந்து சாமான் இருந்தால் நல்லது: சின்னக் காந்தம் (ஃபிரிட்ஜில் ஒட்டுவதே போதும்), டார்ச், பத்து மடங்கு காட்டும் லென்ஸ், அளவு நாடா, ஒரு பாட்டில் தண்ணீர். தண்ணீர் குடிப்பதற்கு மட்டுமில்லை, பாத்திரத்தில் ஊற்றிப் பார்ப்பதற்கும்.

முதலில் பணியாரக்கல். இந்தத் தெருவில் ஒரே ஒரு பொருள்தான் வாங்குவதென்றால் இதைத்தான் வாங்க வேண்டும். பழைய வார்ப்பிரும்புக் கல் கனமாக இருக்கும், குழி ஒவ்வொன்றும் பல வருடக் கரண்டிபட்டு வழவழப்பாக இருக்கும். மேலே துரு இருந்தால் பயப்பட வேண்டாம், தேய்த்தால் போய்விடும். அஞ்ச வேண்டியது விரிசலுக்கு. காதைப் பிடித்துத் தொங்கவிட்டு ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டுங்கள். நல்ல கல் கணீரென்று இழுத்துச் சத்தம் போடும். விரிசல் விட்டது 'டப்' என்று அடங்கிவிடும். சந்தேகம் தீரவில்லையென்றால் எல்லாக் குழியிலும் தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் கழித்து அடியைத் தடவிப் பாருங்கள். அடுத்தது குழியின் உட்புறம். விரலை விட்டுச் சுற்றினால் சொரசொரவென்று பள்ளம் பள்ளமாகத் தட்டுப்பட்டால் துரு இரும்பையே தின்றிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கல்லில் பணியாரம் கடைசிவரை ஒட்டும், எவ்வளவு பழக்கினாலும் சரி.

அளவிலும் கவனம் வேண்டும். பெரிய பன்னிரண்டு குழிக் கல் விறகடுப்புக்குச் செய்தது. கேஸ் அடுப்பில் நடுக்குழி கருகும், ஓரக்குழி வேகாது. வீட்டு பர்னருக்கு ஏழு குழிதான் சரி. குழிகள் கீழ்ப்பக்கம் துருத்திக்கொண்டிருப்பதால் இண்டக்‌ஷன் அடுப்புக்கு இது சரிப்படாது. அடி முழுதாகக் கண்ணாடியில் படியாது. அடி உருண்ட கல் கேஸ் அடுப்பின் தாங்கியில் ஆடும், அதனால் வாங்குமுன் அளவு நாடாவால் அடியை அளந்து, வீட்டுத் தாங்கியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்க்க வேண்டும். துரு கெட்டியாக இருந்தால் புளிக்கரைசலில் அரை மணி நேரம் ஊறவிடலாம், அதற்கு மேல் கூடாது, புளிப்பு இரும்பையும் அரிக்கும். பிறகு அரிசி கழுவிய தண்ணீரில் மூன்று நாள், தினமும் தண்ணீரை மாற்றி. துடைத்து, சிறு தீயில் ஈரம் போகும்வரை காயவைத்து, நல்லெண்ணெயைத் துணியால் மிக மெல்லிசாகத் தடவி, பத்து நிமிடம் சூடாக்கி, ஆறவிட்டுத் துடைக்க வேண்டும். இதை நாலைந்து முறை செய்ய வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: சீக்கிரம் பழகட்டும் என்று எண்ணெயைக் குழி நிறைய ஊற்றுகிறார்கள். கனமாகத் தடவிய எண்ணெய் இறுகிப் படலமாகாமல் பசைபோலப் பிசுபிசுக்கும், அடுத்த பணியாரம் அதில்தான் ஒட்டும். கடைசியாகச் சின்ன வெங்காயத்தை நசுக்கிப் போட்டுக் கருக வதக்கிக் கொட்டிவிட்டு மாவை ஊற்றலாம். முதல் இரண்டு ஈடு எப்படியும் பிய்ந்துதான் வரும். மூன்றாவதிலிருந்து கம்பியால் தட்டினால் தானாக உருளும்.

அடுத்தது எனாமல். செட்டிநாட்டு வீடுகளில் இருந்து வருகிற எனாமல் பேசின்களும் அடுக்குத் தூக்குகளும் பார்த்தால் விட்டுவர மனம் வராத அழகு: ஓரத்தில் நீலக்கோடு போட்ட வெள்ளை, தளதளவென்ற பச்சை, மங்கிய ரோஜா நிறம். அடியில் முத்திரையைத் தேடுங்கள். ஸ்வீடன், ஜப்பான், ஆஸ்திரியா, செக்கோஸ்லோவாகியா என்று இருக்கும். கடைசிப் பெயர் ஒரு நல்ல தடயம், ஏனென்றால் அந்த நாடே 1918-ல்தான் உருவானது. அந்த முத்திரை போட்ட தட்டை 'நூற்றைம்பது வருஷப் பழசு' என்று சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

எனாமல் என்பது இரும்புத் தகட்டின் மேல் உருக்கிப் படியவைத்த கண்ணாடிப் பூச்சு. அதனால் அடி வாங்கினால் தெறிக்கும். வெளிப்பக்கம் தெறித்திருந்தால் பார்வைக்குத்தான் குறை. உட்பக்கம் தெறித்திருந்தால் சாப்பாட்டுக்கு வேண்டாம். துருவும் ஏறும், பூச்சின் துணுக்கும் உதிரும். பழைய சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் பூச்சுகளில் காட்மியம், ஈயம் போன்றவை கலந்திருக்க வாய்ப்புண்டு. ஆகவே நிறம் எதுவானாலும் மோர், புளிக்குழம்பு, எலுமிச்சை ஊறுகாய் என்று புளிப்பான எதையும் இதில் வைக்காதீர்கள். வெங்காயம் பூண்டு போட்டு வைக்க, பூத்தொட்டியாக, பழம் அடுக்க இதற்கு இணையில்லை.

சில கடைகளில் தெறித்த இடத்தை ஆயில் பெயின்டால் மூடிவிடுகிறார்கள். நகத்தால் கீறினால் எனாமல் வழுக்கும், பெயின்ட் கோடு விழும். ஓட்டை சந்தேகம் வந்தால் டார்ச்சை உள்ளே வைத்து, வெளியிலிருந்து ஊசிமுனை வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

பித்தளைக்குக் காந்தம்தான் முதல் சோதனை. ஒட்டினால் அது இரும்பின் மேல் பித்தளை முலாம். ஒட்டாவிட்டால் அடியின் உட்புறத்தைப் பாருங்கள். சாம்பல் நிறக் கோடு தெரிந்தால் பற்றவைத்த ஒட்டு. தண்ணீர் வைக்க ஆகும், அடுப்பில் ஏற்ற ஆகாது. பழமையைத் தெரிந்துகொள்ள நல்ல வழி பெயர் வெட்டு. நகரத்தார் வீட்டுப் பாத்திரங்களில் விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாகத் தலைப்பெழுத்து வெட்டியிருப்பார்கள். தலைமுறையாகப் புளி போட்டுத் தேய்த்த பாத்திரத்தில் அந்தப் புள்ளிகளின் ஓரம் மழுங்கி, எழுத்து பாத்திரத்தோடு கலந்து கிடக்கும். விரலால் தடவினால் தெரியாது, சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணுக்குத் தெரியும். புள்ளியின் ஓரம் விரலில் உறைத்தால் நேற்று வெட்டியது. பச்சைக் களிம்பும் அப்படித்தான். உண்மையான களிம்பு மூலையிலும் இடுக்கிலும் தங்கும், கைபடுகிற இடத்தில் இருக்காது. பாத்திரம் முழுக்க ஒரே சீராகப் பச்சை பூத்து, விரலில் பொடியாக ஒட்டினால் அது மருந்து தடவி வரவழைத்தது.

பித்தளையில் சமைப்பதானால் ஈயம் பூசாமல் கூடாது. புளிப்புப் பட்டால் களிம்பேறி உணவு கெடும். பூசுகிறவரிடம் வெள்ளீயம்தானா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, ஈயத்தைத் தொட்டுத் துணியால் இழுத்தால் உட்புறம் வெள்ளி மாதிரி மின்ன வேண்டும். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். அதனால் பூசிய பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் போகக் கூடாது, தாளிக்கவும் வேண்டாம். மஞ்சள் தெரிய ஆரம்பித்தால் மறுபடி பூச வேண்டும்.

வெண்கலப் பானை சர்க்கரைப் பொங்கலுக்கு எடுத்தது. செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த உலோகம், தட்டினால் மணியோசை நீண்டு நிற்கும். ஓசை சட்டென்று நின்றால் எங்கோ மயிரிழை விரிசல், அதைச் சரிசெய்ய வழியில்லை. வெண்கலம் பித்தளைபோல நசுங்காது, உடையும். கீழே போட்டாலும் சரி, சூட்டோடு பச்சைத்தண்ணீர் ஊற்றினாலும் சரி.

ஈயச்சொம்பும் இந்தக் கடைகளில் வருகிறது. அது வெள்ளீயமாக இருக்க வேண்டும். வெள்ளைத்தாளில் அழுத்தித் தேய்த்துக் கருஞ்சாம்பல் கோடு விழுந்தால் அது காரீயம், நஞ்சு. அளவுக்கு மீறி கனத்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ரசத்துக்கு ஈயச்சொம்பு வேண்டுமென்றால் புதிதாக, நம்பிக்கையான கடையில் வாங்குவதே மேல். ஜாடிக்கு ஒரே சோதனை: தண்ணீர் ஊற்றிக் காகிதத்தின் மேல் வைத்துவிட்டு மற்ற கடைகளைச் சுற்றிவிட்டு வாருங்கள். காகிதம் நனைந்திருந்தால் உப்பு அந்த வழியாகக் கசியும்.

மரச்சாமானில் அஞ்சறைப்பெட்டியும் பல்லாங்குழியும் தாராளமாக வாங்கலாம். கீழே மாவுபோலப் பொடி உதிர்ந்திருந்தால் மட்டும் வேண்டாம், உளு உயிரோடு இருக்கிறது என்று பொருள். வீட்டிலிருக்கும் மற்ற மரத்துக்கும் பரவும். பர்மா தேக்கு என்று விலை சொல்கிற பெட்டிகளில் இழுப்பறையை வெளியே இழுத்து அடிப்பலகையைப் பாருங்கள். மெருகு போடாத அந்தப் பக்கத்தில் வட்ட வட்டமாக ரம்பக்கோடு இருந்தால் இயந்திரத்தில் அறுத்த பலகை.

படங்களுக்கு லென்ஸ். ரவிவர்மா அச்சகம் 1894-ல் பம்பாயில் தொடங்கியது. அதன் கல்லச்சுப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளிகள் ஒழுங்கில்லாமல், கையால் இட்டதுபோல் சிதறியிருக்கும். இன்றைய ஆஃப்செட் நகலில் நான்கு நிறப் புள்ளிகள் பூ வடிவில் வரிசையாக நிற்கும். தேநீர்க் கறை பிடித்த சட்டம், செல்லரித்த பலகை எல்லாம் அச்சை மாற்றிவிடாது. ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் படத்தை லென்ஸ் இல்லாமல் வாங்கவே கூடாது.

சிலை, படிமம் பக்கம் போக வேண்டாம். அவை நூறு வருடத்துக்கு மேற்பட்டவையானால் 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வரும் உறவினருக்கு வாங்குவதானால் எனாமல், இரும்புச் சாமான் வரைக்கும் நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்கும் கடையில் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

விலைச்சீட்டு எதிலும் இருக்காது. பித்தளை, வெண்கலத்தில் முதலில் கேட்க வேண்டியது 'எடைக்கா, உருப்படிக்கா?' என்பது. சாதாரணக் குடம், தவலையை எடைக்குக் கேட்டால்தான் வாங்குபவருக்குக் கட்டும். வேலைப்பாடு உள்ளது உருப்படிக் கணக்கில்தான் வரும். ஒவ்வொன்றாகப் பேரம் பேசுவதைவிட நாலைந்தை ஒன்றாக எடுத்துவைத்து மொத்தமாகக் கேட்டால் படிகிறது. 'அண்ணே, இது பழசா, பழசு மாதிரி செஞ்சதா?' என்று நேராகக் கேளுங்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் உள்ளதைச் சொல்லிவிடுவார்கள். கேட்காதவரிடம் வலிய வந்து சொல்வதில்லை. இந்தத் தெருவில் எனக்குள்ள ஒரே மனக்குறை இதுதான். புதிதாகச் செய்ததைத் தனியாக அடுக்கிவைத்தால் வாங்குபவருக்கும் நிம்மதி, நல்ல சரக்கு வைத்திருக்கிற கடைக்கும் மதிப்பு.

ஆவணிக் கடைசி வாரங்களில் வருவது வசதி. காலை வெயில் தாங்கும்படி இருக்கும், ஐப்பசி மழைக்கு முன்பே கல்லைக் காயவைத்துப் பழக்கியும் விடலாம். விநாயகர் சதுர்த்தியை ஒட்டி மட்டும் அறையை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பிள்ளையார்பட்டித் திருவிழாவுக்கு வருகிற கூட்டம் காரைக்குடி விடுதிகளையும் நிரப்பிவிடும். சென்னையிலிருந்து வெள்ளிக்கிழமை பல்லவன் எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறினால் இரவு வந்துவிடலாம். சனிக்கிழமை காலை தெரு, மத்தியானத்துக்கு மேல் பக்கத்து ஊர்களான ஆத்தங்குடி, கானாடுகாத்தான். ஞாயிறை நம்பித் தெருவை ஒத்திப்போட வேண்டாம், எல்லாக் கடையும் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

ஜாடியையும் எனாமலையும் பார்சலில் போடுவதைவிடக் கையோடு கொண்டுபோவதே சரி. ஜாடிக்குள்ளும் பழைய துணியைத் திணித்து, மூடியைக் கழற்றித் தனியாகச் சுற்றச் சொல்லுங்கள். மூடியோடு கட்டினால் வண்டி குலுங்கும்போது முதலில் உடைவது வாய்தான். பணியாரக்கல்லைப் பையின் அடியில் வையுங்கள், அதன் மேல் எனாமல் நேரடியாகப் படாதபடி ஒரு துண்டை மடித்துப் போட்டு.